ஏலத்துக்கு முந்தின நாள்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியை. புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை ஏலம் விடுகிறார்கள். சனிக்கிழமை பொருட்களைப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஏலம். பட்டியலில் தேக்கு ஊஞ்சல், ஒரு ஜோடி குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், ரவிவர்மா லட்சுமி படம், பஞ்சலோக அம்மன் சிலை, ஒரு டப்பா பழைய காசு எல்லாம் இருக்கின்றன. என்னிடம் 40,000 ரூபாய் இருக்கிறது. நகை ஏலம் தவிர வேறு ஏலத்தைப் பார்த்ததே இல்லை. மாமியார் வேறு, "ஏலத்துல எடுத்தது வீட்டுக்கு ஆகாது" என்கிறார். எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்பது, ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, முதலில் மாமியார் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் மனதில் இருப்பது அடகு நகை ஏலம். யாரோ மீட்க முடியாமல் விட்ட தாலிக்கொடியை நாம் எடுத்துப் போட்டுக்கொள்வதா என்ற சங்கடம். அது நியாயமான சங்கடம்தான். பங்களா ஏலம் அந்த வகையில் சேராது. பெரியவர்கள் காலமாகியிருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், அவர்கள் ஃப்ளாட்டில் எட்டடி அலமாரிக்கு இடம் இருக்காது, விற்கிறார்கள். குத்துவிளக்கு கிடைத்தால் புளி போட்டுத் தேய்த்து மாமியார் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். (பழசைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன் என்று பழம்பொருள் வியாபாரம் செய்யும் என் தொழில்காரர்கள் திட்டுவார்கள். திட்டட்டும், விளக்கு எரியத்தானே இருக்கிறது.)

உங்கள் கடிதத்தில் எல்லாக் கேள்வியும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே இருக்கிறது. எனக்கோ சனிக்கிழமையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. எந்தப் பொருள், அதிகபட்சம் என்ன விலை என்பதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவாகி, ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் கை தூக்குவது மட்டும்தான் பாக்கி.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், 1996 என்று நினைவு, ஆற்காடு பக்கம் ஒரு வீட்டு ஏலத்துக்குப் போனேன். நல்ல கனமான வெண்கலப் பானை ஒன்று. அதற்குள் கரண்டி, டம்ளர், சின்னச் சின்னக் கிண்ணம் என்று வாய் வரை அடைத்து ஒரே லாட்டாக, அதாவது மொத்தமாக ஒரே விலைக்கு எடுக்க வேண்டிய தொகுப்பாக, வைத்திருந்தார்கள். முந்தின நாள் போய்ப் பார்த்தேன், ஆனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்கச் சோம்பல். 2,200 ரூபாய்க்கு எடுத்தேன். வீட்டுக்கு வந்து காலி செய்து விரலால் சுண்டினால் 'கணீர்' என்று வர வேண்டிய இடத்தில் 'தட்' என்கிறது. அடியில் நான்கு விரல்கடை நீளத்துக்கு விரிசல். ஈயம் வைத்து அடைத்து, மேலே கரி பூசியிருந்தார்கள். கடைசியில் வேலூர் லாங் பஜாரில் எடைக்குப் போட்டேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய் சிரித்தார்: "பானையை வாங்கப் போய்ட்டு கரண்டியைப் பாத்துட்டு வந்திருக்கே."

அதனால் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் வருவதற்கு முன். கையில் ஒரு டார்ச், அளவு நாடா, சின்னக் காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு. அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடையில் போங்கள், தரையில் படுக்க வேண்டிவரும்.

படுக்க வேண்டியது ஊஞ்சலுக்கு அடியில். பலகையின் மேல்பக்கம் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அடிப்பக்கத்துக்குப் பாலிஷ் போட யாரும் மெனக்கெடுவதில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். கையால் அறுத்த பலகையில் ரம்பக் கோடுகள் நேராக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். வட்ட ரம்பத்தில் அறுத்திருந்தால் வில் போல வளைந்த கோடுகள் தெரியும். அப்புறம் பலகையின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரே பலகை என்றால் மரத்தின் வளையக் கோடு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தொடர்ந்து ஓடும். நடுவில் சட்டென்று திசை மாறினால் இரண்டு பலகையை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது தப்பில்லை, ஆனால் 'ஒரே பலகை' என்று சொல்லி விலை ஏற்றுவார்களே, அதற்குத் தலையாட்ட வேண்டாம். அடியில் தட்டிப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகப் புதுத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். பழைய துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை.

ஸ்குரூவின் தலையில் நட்சத்திர வெட்டு இருந்தால் அது 1930-களுக்குப் பிறகு வந்த சங்கதி. ஆனால் ஒரு ஸ்குரூவை வைத்து மொத்தப் பொருளையும் புதுசு என்று சொல்லிவிட முடியாது, பழுது பார்த்திருக்கலாம். எல்லா ஸ்குரூவும் அப்படி இருந்து, துளைகளும் புதிதாகத் தெரிந்தால் யோசியுங்கள்.

எனக்கு ஊஞ்சலில் மிகவும் பிடித்த இடம் சங்கிலி. ஒரு வளையமும் அடுத்த வளையமும் தொட்டுக்கொள்ளும் இடத்தை விலக்கிப் பாருங்கள். வருஷக்கணக்காக ஆடிய ஊஞ்சல் என்றால் அந்த இடம் தேய்ந்து மெலிந்து, பளிச்சென்று இருக்கும். உரசாத பக்கம் மட்டும் கறுத்திருக்கும். புதுச் சங்கிலியை ஆசிட்டில் முக்கிப் பழசாக்கினால் உரசும் இடமும் சேர்ந்து கறுத்திருக்கும், தேய்மானமே இருக்காது. காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். பித்தளையில் ஒட்டாது, ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம். ஒரேயடியாகத் தேய்ந்த வளையமும் ஆபத்து. குழந்தைகள் ஏறி ஆடும் வீட்டில் பாதி தேய்ந்த வளையங்களை மாற்றிவிட வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேனே, வீடு கட்டும்போது கூரைக் கான்கிரீட்டில் கொக்கி விட்டீர்களா? விடவில்லை என்றால் கட்டிய பிறகு துளை போட்டு மாட்டுவதை உங்கள் இன்ஜினியரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். தனியாகச் சட்டம் போட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றால் ஊஞ்சலின் விலை வேறாகிவிடும்.

குத்துவிளக்குக்கு வருவோம். ஜோடி என்று எழுதியிருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கையால் செய்த ஜோடியில் நூல் அளவு உயர வித்தியாசம் இருந்தால் பயப்படாதீர்கள், அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இரண்டையும் கழற்றுங்கள். பாதம், தண்டு, தட்டு, மேலே அன்னம், ஒவ்வொன்றின் மரையும் அதனதன் இடத்தில் இறுகி உட்கார வேண்டும். உடைந்த விளக்கின் தலையை வேறு விளக்கின் தண்டில் ஏற்றியிருந்தால் ஆடும், அல்லது உலோகத்தின் நிறம் மாறும். மரைக்குள்ளும் தட்டின் அடியிலும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இறுகிக் கிடக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்ததும் பச்சை நிறம் துணியோடு வந்துவிட்டால், அது போன மாதம் பூசிய பச்சை.

நீங்கள் ஆசிரியை என்பதால் இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷம். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள் அல்லவா, புள்ளி புள்ளியாக? அந்த எழுத்தைப் படியுங்கள். லை, ணை, னை, ளை முதலிய எழுத்துகளில் தலைக்கு மேல் யானைத் துதிக்கை மாதிரி வளைவு இருந்தால் அது 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்னால் எழுதப் பழகிய கை. தேதி தமிழ் எண்ணில் இருந்தாலோ, எடை 'சேர்', 'பலம்' என்று இருந்தாலோ இன்னும் பின்னால் போகலாம், மெட்ரிக் அளவு 1950-களின் கடைசியில்தான் வந்தது. ஏமாற்றுபவர்கள் எழுத்தையும் புதிதாக வெட்டுவார்கள். விரலால் தடவுங்கள். புது வெட்டு நகத்தில் தட்டும், பழசு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும்.

அந்த எழுத்தில் 'உபயம்' என்று இருந்து பக்கத்தில் ஏதாவது சுவாமி பெயரோ கோயில் பெயரோ இருந்தால், விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அது கோயில் சொத்து. பங்களாவுக்கு எப்படி வந்தது என்ற ஆராய்ச்சி உங்களுக்கு வேண்டாம்.

இனி எடை. வெண்கலத்துக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை. உங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் பழசைக் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமையே கேட்டு வையுங்கள். தராசில் விளக்கை மாட்டினால் அதன் கீழ்விலை தெரிந்துவிடும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வேலைப்பாட்டுக்கும் ஆசைக்கும். ஆசைக்கு எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், பக்கத்தில் நிற்கும் வியாபாரி அல்ல.

கடிகாரம் பற்றிச் சுருக்கமாக. கதவைத் திறந்து பின்பலகையைப் பாருங்கள். மெஷினை முடுக்கிய துளைகளைத் தவிர வேறு காலித் துளைகள் இருந்தால் ஒரு கடிகாரத்தின் மெஷினை இன்னொன்றின் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். முகத்தாள் ஒரே சீரான பழுப்பாக இருந்தால் ஜெராக்ஸாக இருக்கலாம். 'மேட் இன் ஜெர்மனி' என்றிருந்தால் 1887-க்குப் பிந்தியது, நாட்டின் பெயரைப் போட வைத்ததே அந்த வருடத்துப் பிரிட்டிஷ் சட்டம். சாவியும் ஊசலும் சேர்ந்ததுதானா என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். ஓடாத கடிகாரத்தை 'சின்ன வேலைதான்' என்று சொன்னால் நம்பாதீர்கள். இப்போது அந்தச் சின்ன வேலையைச் செய்ய ஆள் கிடைப்பதுதான் பெரிய வேலை.

ரவிவர்மா படத்துக்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு காலண்டர் சாமி படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சின்னச் சின்னப் பூக்கள் போல அடுக்கியிருக்கும். அது ஆஃப்செட். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் கல் அச்சு. அங்கே புள்ளிகளுக்கு வரிசை கிடையாது, யாரோ பொறுமையாக ஒவ்வொன்றாக வைத்த மாதிரி சிதறிக் கிடக்கும். லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், அங்கேதான் நன்றாகத் தெரியும். பழைய சட்டத்துக்குள் புதுப் படத்தை வைப்பது சர்வசாதாரணம், அதனால் சட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சம்கி, ஜரிகை ஒட்டிப் புடவை கட்டிவிட்ட பழைய படங்களும் உண்டு. பூச்சி அரித்திருந்தாலும் எனக்கு அவற்றின் மேல் ஒரு பிரியம்.

அம்மன் சிலை வேண்டாம். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் 1976-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கல், உலோகச் சிலைகளை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும், வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். படத்தோடு கூடிய பதிவுச் சான்றிதழைக் காட்டினால் பேசலாம். 'எங்க தாத்தா பூஜை பண்ணது' என்பது சான்றிதழ் ஆகாது. காகிதம் இருந்தாலும் அது அசலா என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008-ல் நம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கூடவே வந்த காகிதங்கள் போலி என்று தெரிந்து, 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய இடமே மாட்டியது. பூஜை அறைக்கு அம்மன் வேண்டுமென்றால் சுவாமிமலையில் புது வார்ப்பு பில்லோடு கிடைக்கும். பங்களா ஏலங்களில் சுவரில் மான் கொம்பு, மேஜையில் தந்தப் பெட்டி என்று ஏதாவது இருக்கும், அதையும் தொடாதீர்கள். வன உயிரினச் சட்டப்படி அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

காசு டப்பாவில் ஆற்காடு ரூபாய் இருக்கும் என்று ஆசை காட்டுவார்கள். பெயர் நம் ஊருடையது என்றாலும், கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) அதைச் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியிலும் அடித்தார்கள். சென்னையில் அடித்தவற்றில் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு) 1172 என்ற ஒரே வருடத்தையே பல காலம் திரும்பத் திரும்பப் பொறித்ததால், காசில் உள்ள வருடத்தை வைத்து வயது சொல்ல முடியாது. ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் போட்டு '1818' என்று எழுதிய அணா இருந்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். கும்பினி அப்படி ஒரு அணாவை வெளியிட்டதே இல்லை. யாராவது காதருகில் வந்து 'அரிசி இழுக்கும் காசு', 'இரிடியம் கலசம்' என்று மோசடிக் கதையை ஆரம்பித்தால் சிரிக்கக்கூட நிற்காதீர்கள்.

பணக் கணக்கு. ஏலத்தில் சொல்லி முடிக்கும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. ஊஞ்சலை 15,000-க்கு எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம் என்றால் 2,250. குடியாத்தத்துக்கு டெம்போ 2,500, ஏற்றி இறக்கும் கூலி 800, தச்சர், பாலிஷ், சங்கிலி வளையம் எல்லாம் சேர்த்து 4,000. வரியைச் சேர்க்காமலே 24,550 ஆகிவிட்டது. கமிஷன் எத்தனை சதவீதம், வரி எதன் மேல் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும், தாமதமானால் கோடவுன் வாடகை உண்டா, இவற்றைச் சனிக்கிழமையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஊஞ்சலுக்கு மொத்தம் 25,000 என்றால் ஏலத்தில் நீங்கள் கேட்கும் கடைசி விலை 15,000-க்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிபாசிட் கட்டி நம்பர் அட்டை வாங்கிக்கொண்டு, எல்லோரும் கண்ணில் படுகிற மாதிரி பக்கவாட்டில் உட்காருங்கள். ஏலம் விடுபவர் ஆரம்பத்தில் வாயால் சொல்லும் திருத்தங்களைக் கவனியுங்கள். பட்டியலில் 'ஜோடி' என்று இருந்தது அங்கே 'ஒன்று' ஆகிவிடும். 'இருக்கிற இடத்தில், இருக்கிறபடி' என்ற நிபந்தனை இருந்தால் பிறகு புகார் சொல்ல வழியில்லை. முதல் ஆளாகக் கேட்காதீர்கள். தப்பாகக் கை தூக்கிவிட்டால் பதற வேண்டாம்: 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி 'மூன்று தரம்' சொல்லி முடிக்கும் வரை கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்கூட்டி அறிவிக்காமல் ஆள் வைத்து விலை ஏற்றினால் அதே சட்டம் உங்கள் பக்கம் நிற்கும், நிரூபிப்பதுதான் கஷ்டம்.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். எதிரில் கேட்பவர் வியாபாரி என்று தெரிந்தால் தைரியமாக ஒரு படி மேலே போகலாம். அவர் அதை விற்று லாபம் பார்க்க வேண்டியவர், அவர் நிற்கும் விலை பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். எதிரில் இருப்பவரும் உங்களைப் போல் புது வீட்டுக்காரர் என்றால்தான் ஆபத்து. இரண்டு பேர் ஆசை மோதினால் விலைக்குக் கூரையே கிடையாது. அந்த நேரத்தில் தாளைப் பாருங்கள். உங்கள் எண்ணைத் தாண்டிவிட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு மோர் குடிக்கப் போய்விடுங்கள்.

ஊஞ்சல் கை நழுவினால் வெறுங்கையோடு கிளம்பிவிடாதீர்கள். பட்டியலின் கடைசியில் 'சமையலறைச் சாமான், கலப்பு' என்று இரண்டு மூன்று லாட் இருக்கும். அதற்குள் பாதிப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள். மர அஞ்சறைப் பெட்டி, பாக்குவெட்டி, படி, பல்லாங்குழி எல்லாம் அந்தக் குவியலில்தான் கிடக்கும். புதிதாக வருபவர்களை நான் முதலில் அனுப்புவதே அங்கேதான். தப்பானாலும் ஆயிரம் ரெண்டாயிரத்தோடு போகும். ஆனால் சனிக்கிழமையே அந்தக் குவியலைக் கலைத்துப் பார்த்திருக்க வேண்டும், என் வெண்கலப் பானை கதை உங்களுக்கும் ஆகிவிடக் கூடாது.

சனிக்கிழமை ஊஞ்சலைப் படம் எடுத்தால் எனக்கு அனுப்புங்கள், இரவுக்குள் பார்த்துச் சொல்கிறேன். மேல்பக்கம் தேவையில்லை. பலகையின் அடி ஒன்று, இரண்டு முனைகள், அப்புறம் சங்கிலியில் வளையமும் வளையமும் தொடும் இடம் ஒன்று. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள்.